பசுமைப் பொருளாதாரம் பாலாற்றங்கரைக்கு என்ன தரும்?

கேள்வி, 2 பிப்ரவரி 2025

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் கார் கம்பெனிக்கு அடிக்கல் போட்டாயிற்று. வீட்டுக்கு வீடு சோலார் வருகிறது. பசுமைப் பொருளாதாரம் என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். பழைய வடாற்காட்டிலிருந்து பிரிந்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்கு இதில் எதிர்காலம் இருக்கிறதா? தோல் தொழிலை மொத்தமாக மூடிவிட்டு இதற்கு மாறுவதுதான் ஒரே வழி என்கிறேன் நான்.

4 பிப்ரவரி 2025

நானும் அதே கட்சி. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி எங்கள் நிலம். ஒன்றே முக்கால் ஏக்கர், ஒரு கிணறு, முப்பத்தைந்து தென்னை. நான் ஆறாவது படிக்கும்போது அம்மா கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வைப்பதை நிறுத்தினாள். மூன்று விசில், ஐந்து விசில் என்று போனாலும் குக்கரைத் திறந்தால் பருப்பு முழுசு முழுசாகக் கிடக்கும். துணிக்குச் சோப்பு நுரைக்காது. செப்புக் குடத்தின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் படியும். அம்மா புளி போட்டுத் தேய்ப்பாள், இரண்டு நாளில் திரும்ப வந்துவிடும். தென்னை காய்த்தது, ஆனால் காய் கைக்குள் அடங்கும். இளநீர் கரித்தது.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தோல் ஆலைக் கழிவால் அந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த 35,000-க்குள் எங்கள் ஒன்றே முக்கால் ஏக்கரும் அடக்கம். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் எங்கள் ஊர்த் தண்ணீரை வைத்துத்தான் படிக்கிறார்கள்.

மூடட்டும். எனக்கு மறுப்பில்லை.

5 பிப்ரவரி 2025

நேற்றைய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன்.

சித்தி படித்துவிட்டு போன் செய்தாள். பத்தொன்பது வருஷமாக ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள். "மூடட்டும்னு ஈஸியா எழுதிட்டே. காலையில ஏழேகாலுக்கு எங்க தெரு முனையில கம்பெனி பஸ்ஸுக்கு எத்தனை பொம்பளைங்க நிக்கிறோம்னு எண்ணிப் பார்த்திருக்கியா?" என்றாள். எண்ணியதில்லை. அவள் பெண் நர்சிங் படிப்பது அந்தச் சம்பளத்தில். சித்தப்பா இறந்தபோது பிஎஃப் பணம்தான் கை கொடுத்தது.

ஷூ கம்பெனி வேறு, தோல் பதனிடும் ஷாப் வேறு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தோல் வராவிட்டால் அங்கே தைக்க ஒன்றுமில்லை. கிணறு போனதும் எங்கள் வீட்டில்தான், அடுப்பு எரிந்ததும் எங்கள் வீட்டில்தான். அந்தக் கேள்விக்கு இங்கிருந்து ஆரம்பித்தால்தான் நேர்மையான பதில் வரும்.

9 பிப்ரவரி 2025

2025 ஜனவரி 30 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 1996 வழக்கின் தொடர்ச்சிதான். பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈட்டை ஆறு வாரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து வேலூர்ப் பகுதியைத் தணிக்கை செய்ய வேண்டும், ஆற்றைச் சீராக்க வேண்டும் என்கிறது. நடுவில் ஓடியது 28 வருஷத்துக்கு மேல்.

நஷ்டஈட்டுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். இதற்கென்று அமைத்த ஆணையம் 2001-இல் 29,193 பேருக்குச் சேர்த்து சுமார் 26.82 கோடி ரூபாய் என்று தீர்மானித்தது. வகுத்தால் ஆளுக்கு 9,200 ரூபாய்கூட வரவில்லை. அப்பாவுக்கு வந்த தொகையும் அந்த வாக்கில்தான். அதோடு கடன் வாங்கிச் சேர்த்து ஒரு போர் போட்டார். 240 அடியில் தண்ணீர் வந்தது. வாயில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். போர் வண்டிக்காரர்தான், "உப்புங்களா ஐயா?" என்று கேட்டார்.

10 பிப்ரவரி 2025

தென்னை காய் சிறுத்தது ஈரியோஃபிட் பூச்சியாலும் இருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான். எங்கள் பக்கம் அந்தப் பூச்சியும் இருந்தது. ஆனால் அது வந்தால் காயின் மேல்தோல் பழுப்பாகி வெடிப்பு விடும். எங்கள் காயில் முதலில் அது இல்லை. பூச்சி பிறகுதான் வந்து சேர்ந்துகொண்டது.

16 பிப்ரவரி 2025

"இப்போதுதான் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு வந்துவிட்டதே, இன்னும் என்ன?" என்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் அனுப்புவார்கள். தோல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே உப்புப் போகும். ஆலைக்கு வந்ததும் ஊறப் போட்டு அதைக் கழுவுகிறார்கள். பிறகு சுண்ணாம்பு, மயிர் நீக்கல், அமிலமும் உப்பும் சேர்த்து ஒரு குளியல், கடைசியில் டிரம்மில் குரோமியம். டிரம்மிலிருந்து எடுக்கும்போது தோல் வெளிறிய நீலத்தில் ஈரமாகத் தொங்கும்.

குரோமியத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம். பிடிக்க முடியாதது உப்பு. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்ஓ) வைத்து நல்ல தண்ணீரைப் பிரித்து ஆலைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து வற்றவிடுகிறார்கள். அதற்கு மின்சாரம், நீராவி இரண்டும் வேண்டும். வற்றியபின் கிடைப்பது சாயமும் சல்பேட்டும் கலந்த உப்பு. சமையலுக்கு ஆகாது, எதற்கும் ஆகாது. கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆற்றில் ஓடியது இப்போது கூரைக்கடியில் இருக்கிறது. அது முன்னேற்றம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலை பாதியில்தான் நிற்கிறது.

மீதிப் பாதி முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். தோலை ஊறப் போடுவதற்கு முன்பே உப்பை உதறி எடுப்பது. மரச்சட்டத்தில் தோலை அடித்து உதறும் ஆளை நான் பார்த்திருக்கிறேன், புருவத்தில் உப்பு ஒட்டியிருக்கும். இதையே டிரம்மில் போட்டும் செய்யலாம். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பதனிடும் கட்டத்தில் தண்ணீரே இல்லாத குரோம் முறை ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. அதில் அந்த அமில உப்புக் குளியல் தேவையில்லை. இப்படிக் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் பின்னால் கொதிக்க வைக்க வேண்டாத கிலோ. பசுமைத் தொழில் என்று யாராவது கேட்டால் நான் முதலில் அந்த உப்பு உதறும் கொட்டகையைத்தான் காட்டுவேன்.

2015 ஜனவரி 31-ஐயும் இங்கே சொல்லாமல் போக முடியாது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பு என்று பெயர் வைத்த இடத்திலேயே அந்தச் சாவு. தொட்டியின் சுவரை யார் பார்க்கிறார்கள், பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்பதும் பசுமைக் கணக்கில் சேர வேண்டும்.

17 பிப்ரவரி 2025

திருத்தம். நேற்று சிப்காட் என்று எழுதிவிட்டேன். விபத்து நடந்தது சிட்கோ தொழிற்பேட்டையில். இரண்டும் ராணிப்பேட்டையில்தான், ஆனால் வேறு வேறு.

23 பிப்ரவரி 2025

"அந்தக் காலம் போல ஆவாரம்பட்டை, கடுக்காய் வைத்துப் பதனிட்டால் போதுமே." இதை எழுதியவருக்கு என் தாத்தா வயது இருக்கும் என்று நினைக்கிறேன். அவரும் இதையேதான் சொல்வார்.

உண்மை உண்டு. பட்டை போட்ட ஈஸ்ட் இந்தியா தோலுக்கு 2008-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. 1970-களின் தொடக்கத்தில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுத் தோலாக, செருப்பாக, ஷூவாக அனுப்புங்கள் என்றது. அந்நியச் செலாவணி கூடும், வேலை கூடும் என்பது கணக்கு. இரண்டும் கூடின. அதோடு குரோமும் தண்ணீர்ச் செலவும் கூடின. எங்கள் ஊர்க் கிணற்றுக் கதை ஒரு கொள்கை முடிவில் ஆரம்பிக்கிறது என்பதை நான் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை முதலாளி பேராசை மட்டும்தான் காரணம் என்று நம்பியிருந்தேன்.

ஆனால் பட்டைத் தண்ணீரும் நல்ல தண்ணீர் இல்லை. கறுப்பாக ஓடும், மக்கும் பொருள் அதிகம், ஓடையில் விட்டால் மீன் மிஞ்சாது. ஊறவைக்கும் கட்டத்தில் அதே உப்பும் உண்டு. தோல் பதமாக வாரக் கணக்கில் ஆகும். பைக்கும் பெல்ட்டுக்கும் அடித்தோலுக்கும் சரி. ஷூவின் மேல்தோல் முழுக்க அதில் ஓடாது. ஒரு பங்கு சந்தை அதற்கு உண்டு, அந்தப் பங்கைப் பிடிக்கலாம். அவ்வளவுதான்.

9 மார்ச் 2025

சோலார். "நம்ம ஊர் வெயிலூர் ஆச்சே, இங்கே கொட்டும் வெயிலுக்கு மின்சாரம் கொட்டும்." காட்பாடி வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. தகட்டின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி அரை சதவீதம் வரை குறையும். மே மாதம் நண்பகலில் தகட்டைத் தொட்டால் கை பொசுங்குகிறது. இங்கே அதிகம் உற்பத்தியாவது பொதுவாக மே மாதத்தில் இல்லை, மார்ச்சில்.

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். எனக்கு வந்தது. ஆனால் போட்டுக் கொடுத்த கம்பெனி ஏழு மாதத்தில் போன் எடுப்பதை நிறுத்திவிட்டது. இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தபடி பதினோரு நாள். கடைசியில் குடியாத்தத்திலிருந்து ஒரு பையன், ஐடிஐ எலெக்ட்ரீஷியன், வந்து இருபது நிமிஷத்தில் சரி செய்தான். வெறும் கனெக்டர் கோளாறு. 400 ரூபாய் வாங்கினான். மூன்று மாவட்டத்திலும் மாடி மாடியாகத் தகடு ஏறுகிறது, இப்படிப் பையன்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? தகடு எங்கோ செய்து வருகிறது. அதைத் துடைக்க, இறுக்க, பழுது பார்க்கத்தான் உள்ளூரில் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு ஐடிஐயில் இடம் ஒதுக்குங்கள் என்றுதான் நான் கேட்பேன்.

11 மார்ச் 2025

சோலார் பம்ப் பற்றிக் கேட்டவருக்கு. 60 சதவீத மானியத்தில் கிடைக்கிறது. இலவச மின் இணைப்புக்கு வருஷக் கணக்கில் காத்திருப்பவருக்கு அது வரம். ஆனால் பகல் முழுக்கச் செலவில்லாமல் ஓடும் மோட்டாரை யார் நிறுத்துவார்கள்? நிலத்தடி நீர் ஏற்கெனவே பாதாளத்தில். பம்ப் கொடுக்கும்போதே சொட்டு நீரைக் கட்டாயமாக்கினால் சரி. இல்லாவிட்டால் பசுமை என்ற பெயரில் கிணற்றை இன்னும் ஆழமாக்குவோம்.

20 ஏப்ரல் 2025

கணியம்பாடி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், நாகநதியைப் பார்த்துவிட்டு வந்தேன். அமிர்திக் காட்டிலிருந்து இறங்கி வரும் சின்ன ஆறு. வருஷக் கணக்கில் மணலாகக் கிடந்தது. சுமார் 20,000 பெண்கள் 100 நாள் வேலையில் சேர்ந்து ஓடையெங்கும் கல் தடுப்பும் உறைகிணறும் போட்டார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர்கூட வானொலியில் பேசினார்.

உறைகிணறு ஒன்றின் மூடிமேல் உட்கார்ந்து பார்த்தேன். நாம் வழக்கமாகக் கிணறு வெட்டுவது தண்ணீர் எடுக்க. இது தண்ணீர் கொடுக்க. ஆற்றுப்படுகையில் குழி தோண்டி, சிமெண்ட் உறை இறக்கி, அடியில் கல்லும் ஜல்லியும் போட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். மழைத்தண்ணீர் ஓடும்போது உள்ளே இறங்கி நிலத்துக்குள் போய்விடும். மூடியில் ஒரு பெண்ணின் பெயர் ஈர சிமெண்டில் குச்சியால் எழுதியிருந்தது, பாதி அழிந்து. வேலை செய்தவர்களில் ஒருவராக இருக்க வேண்டும்.

பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டேன். முன்பு பங்குனியிலேயே வற்றும் கிணறு இப்போது வைகாசி வரை தாங்குகிறது என்றார். ஒருவர் சொன்னது, அதற்கு மேல் நான் இழுக்கவில்லை. ஆனால் என் மண்டையில் ஒன்று தெளிவானது. இந்தப் பகுதிக்குப் பசுமைப் பொருளாதாரம் என்றால் கெட்டதைச் சரிசெய்யும் வேலைக்குக் கூலி கொடுப்பது. புதிய தொழிற்சாலை அதற்கு அடுத்ததுதான். ஆற்றை, கிணற்றை, மண்ணை, குப்பையைச் சரி செய்ய இங்கேயே ஆள் இருக்கிறார்கள், வேலையும் மலை போல இருக்கிறது. அந்தக் கூலிக்குத்தான் அரசுக் கணக்கில் தலைப்பு இல்லை.

21 ஏப்ரல் 2025

மலை போல என்று சும்மா எழுதவில்லை. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை ஒன்று 1990-களின் நடுவில் மூடிவிட்டுப் போனது. விட்டுப் போன குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கசியும். 2006-இல் ஒரு வெளிநாட்டு அமைப்பு உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட பட்டியலில் நமக்கு 100-க்கு 81.79; எண் கூடினால் மாசு கூட என்று அர்த்தம். பட்டியலில் பெயர் "வேலூர் – வடாற்காடு". பழைய மாவட்டப் பெயர் கடைசியாக எங்கே நிலைத்தது பாருங்கள். படித்தபோது வயிற்றெரிச்சலாக இருந்தது.

4 மே 2025

குப்பை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலூர் சீனிவாசன் என்று தேடிப் படியுங்கள். குப்பையை அன்றன்றே வகை பிரித்து உரமாகவும் காசாகவும் மாற்றும் முறையை இந்த மண்ணில் ஆரம்பித்தவர். அவர் வழிகாட்டியதை வைத்துச் சத்தீஸ்கரில் அம்பிகாபூர் நகரம் பெண்கள் குழுக்களை வைத்துக் குப்பைமேடே இல்லாமல் செய்துவிட்டது. நம் சரக்கு அங்கே விலை போயிருக்கிறது. இங்கே எங்கள் தெரு முனையில் இன்னும் கொளுத்துகிறார்கள்.

18 மே 2025

சின்னச் செய்தி. அணைக்கட்டு பக்கம் இலவம்பாடி முள் கத்தரிக்குப் புவிசார் குறியீடு வந்தது 2023-இல். காம்பைப் பிடித்தால் முள் குத்தும், அதனால் சந்தையில் பிடித்து அழுத்திப் பார்க்கும் பழக்கம் எடுபடாது. எண்ணெயில் வதக்கினால் வெண்ணெய் மாதிரி. ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கு இதற்கு நிகர் வேறில்லை. மூட்டைக்கு இன்னும் சாதாரணக் கத்தரி விலைதான் கிடைக்கிறது என்று எனக்குத் தெரிந்த விவசாயி சொல்கிறார். குறியீட்டுச் சான்று சுவரில், சரக்கு வழக்கம்போல மண்டியில். ஆம்பூர், வேலூர் பிரியாணிக் கடைகள் மட்டும் நேரடியாக வாங்கினாலே போதும்.

22 ஜூன் 2025

இப்போது முதல் கேள்வியில் இருந்த பனப்பாக்கம். 2024 செப்டம்பரில் டாடாவின் கார் ஆலைக்கு அடிக்கல், 9,000 கோடி ரூபாய் முதலீடு. அதே வருஷம் டிசம்பரில் தோலில்லாத காலணி செய்யும் ஆலைக்கு அடிக்கல், 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. இரண்டையும் வரவேற்கிறேன். காலணி ஆலையில் பதனிடுதல் கிடையாது, ஆகவே அந்த உப்பும் கிடையாது. சித்தி மாதிரித் தையல் கை உள்ளவர்களுக்கு இன்னொரு வாசல்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து? பக்கத்தில் காவேரிப்பாக்கம் ஏரி. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று, அதை நம்பிப் பாசனம் நடக்கிறது. அந்தக் கணக்கை ஆலை ஓடத் தொடங்கும் முன் ஊர் மக்கள் முன்னால் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் அதை யாரும் வைக்கவில்லை.

மத்திய அரசின் பெல் (BHEL) ஆலையையும் மறந்துவிடாதீர்கள். ராணிப்பேட்டை பெல் செய்வது அனல் மின் நிலையத்துக்கு வேண்டிய சாமான்கள். புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் கருவியும் அதில் ஒன்று. அதை நம்பி எத்தனையோ சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். ஆர்டர் குறைந்த வருஷங்களில் அவை பூட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். என் வகுப்புத் தோழன் ஒருவன் அங்கே வெல்டர். நிலக்கரி குறையும் நாளில் அவன் கை காற்றாலைக் கோபுரத்துக்கும் சோலார் சட்டத்துக்கும் திரும்ப வேண்டும். பத்து வருஷம் முன்னால் ஆரம்பித்தால்தான் திரும்பும். பட்டறை பூட்டிய பிறகு பயிற்சி முகாம் நடத்திப் பயனில்லை.

7 செப்டம்பர் 2025

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. சித்திக்கு இந்த வாரம் ஓவர்டைம் இல்லை. "நீ எழுதினது பலிச்சிடும் போல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், எனக்குத்தான் தொண்டை அடைத்தது. பிப்ரவரி 4-இல் எழுதிய அந்தக் கடைசி வரியை அழிக்கத் தோன்றியது. அழிக்கவில்லை. அப்படி நினைத்தவன் நான் என்பது இங்கே இருக்கட்டும்.

ஒரே தொழிலை, ஒரே சந்தையை நம்பிய பகுதிக்கு இப்படித்தான் ஆகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் எடுத்த முடிவில்லை அது.

16 நவம்பர் 2025

ஊருக்குப் போயிருந்தேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருந்தேன், அதைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்தேன். ஏப்ரலில் 2,640 காட்டியது. மழைக்குப் பிறகு இப்போது 2,310. குடிநீருக்கு 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு வந்தபோது இதைவிட இறங்கியிருக்க வேண்டும், ஆறு மாதம் அம்மா அந்தத் தண்ணீரில் துணி துவைத்தாள். அப்போது என்னிடம் மீட்டர் இல்லை.

ஆற்றில் தண்ணீர் வந்தால் உப்பு இறங்குகிறது. அப்பாவிடம் உறைகிணற்றைப் பற்றிச் சொன்னேன். கிணற்றுக்கு மேற்கே, மழைத்தண்ணீர் வழிந்து ஓடும் இடத்தில் ஒன்று போடலாம் என்று காலால் கோடு கிழித்துக் காட்டினார். பக்கத்து நிலத்துக்காரரும் பாதிச் செலவுக்குச் சம்மதித்துவிட்டார். உறை ஆறு வேண்டியிருக்கும், விலை விசாரிக்க வேண்டும்.

தென்னைக்கு நடுவில் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழலாம் என்பது அப்பாவின் யோசனை. உப்பு மண்ணுக்கு அது நல்லது, அவர் சின்ன வயதில் செய்ததுண்டாம். ஒரு ஏக்கருக்கு 20 கிலோ விதை என்றார். வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் பக்கம் வேளாண் விரிவாக்க மையம் எதிலாவது இருப்பு இருந்தால் சொல்லுங்கள், வரும் சனிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.